ரயில்வே கேட்டில் பின்னிய மேஜை விரிப்பு

நம் வயதுக்காரர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்கள் வீட்டு ரேடியோ என்றைக்காவது சட்டை போடாமல் இருந்ததா? எங்கள் ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் பையன்கள் வெற்றுடம்போடு புழுதியில் புரளுவான்கள், ரேடியோ மட்டும் பூப்போட்ட உறைக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். தண்ணீர்ச் சொம்புக்கு மணி கோர்த்த மூடி, தலையணைக்கு ஓரம், நிலைப்படிக்குத் தோரணம் என்று எல்லாமே வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னியவை. குரோஷா என்று சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்கு விரல் பரபரக்கும், எனக்குத் தெரியும்.

போன மாதம் என் மருமகள் திருப்பதி ஃபிளாட்டில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் யாரோ காட்டுவதைப் பார்த்து ஒரு வட்டம் பின்னிக்கொண்டிருந்தாள். "அத்தம்மா, உங்க அம்மாவுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்டாள். "சுமாரா வரும். எங்க நைனாவுக்குத்தான் நல்லா வரும்" என்றேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாமியாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். சரிதான் போ என்று எழுந்து வந்துவிட்டேன். ரேடியோவுக்குச் சட்டை தைத்த காலம் தெரிந்தவர்களிடம் சொன்னால்தான் இந்தக் கதை எடுபடும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நைனா முதலில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் இருந்தார். ஒரு மழை நாளில் மரக்கட்டை சரிந்து காலில் விழுந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி மாசக்கணக்கில் படுக்க வைத்துவிட்டார்கள். படுத்துக்கிடந்தவர் சும்மா கிடந்தாரா? பக்கத்துக் கட்டில்காரனோடு சண்டை, சோறு கொண்டுவருகிறவனோடு சண்டை. தொல்லை தாங்காமல் நர்ஸம்மா ஒருத்தி கொக்கி ஊசியையும் நூல்கண்டையும் கையில் திணித்து, எதிரே உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொடுத்தாளாம். வீட்டுக்குத் திரும்பியபோது நைனா ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். கேங்க் வேலை இனி ஆகாது என்று, புத்தூர் பக்கம் போகும் பாதையில் கேட் கீப்பராகப் போட்டார்கள்.

நைனாவுக்கு எல்லாம் இடது கை. சோறு தின்ன மட்டும் வலது கை, அதுவும் சின்ன வயதில் அடி வாங்கிப் பழகியது. சுத்தியல், அரிவாள், கொக்கி ஊசி எல்லாம் இடது கையில்தான். கேங்கில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "டேய் பீச்சாங்கை" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நான் பள்ளிக்கூடம் விட்ட நாட்களில் கேட்டுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். வெயிலில் தார் பூசிய கட்டைகளின் வாடை மூக்கைத் துளைக்கும். கேபினுக்குள் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கை விளக்கு, சுவரில் போன். ஸ்டூலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் நூல். கேட்டை ஏற்றி இறக்கும் சக்கரமெல்லாம் கிரீஸ் பிசுக்கு, ஆனால் நைனாவின் நூல் ஒரு பொட்டு அழுக்கு கண்டதில்லை. பானைத் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துண்டில் துடைத்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். போன் மணி அடித்ததும் பின்னலை உள்ளே போட்டு மூடிவிட்டு எழுந்துவிடுவார். மாட்டு வண்டிக்காரன் கெஞ்சினாலும் கேட்டைத் திறக்க மாட்டார். ரயில் போய்த் தூசி அடங்கியபின் மறுபடி சோப்பு, மறுபடி துண்டு. டூட்டியில் கைவேலை செய்வது மேலே தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்று அம்மா அடித்துக்கொள்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இப்படியிருக்க, அம்மாவின் அண்ணன் அரக்கோணத்திலிருந்து ஒரு நாள் வந்தார். மாமா மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதே நிலைப்படித் தோரணம் அவர் தலையில் உரசியது. நிமிர்ந்து பார்த்து, "யாரு போட்டது? ஜோரா கீதே" என்றார். நைனா வாயைத் திறக்குமுன் அம்மா குறுக்கே பாய்ந்து, "நான்தான் போட்டேன்" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குரோஷாவெல்லாம் அம்மாவுடையது ஆகிவிட்டது.

அதில் அம்மாவுக்கு ருசி கண்டுவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து தோரணத்தைத் தடவிப் பார்த்து, "எப்டிக்கா இவ்ளோ ஒரே சீரா வருது?" என்பார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மனசு ஒரு நெலையில இருக்கணும்மா" என்பாள். நூலை எந்த விரலில் சுற்றுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது! நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அந்த வருஷம் நைனா ஒரு வட்ட மேஜை விரிப்பைப் போட்டு முடித்தார். எங்கள் வீட்டில் மேஜையே கிடையாது, அது வேறு விஷயம். நடுவிலிருந்து இதழ்கள் சுழன்று சுழன்று வெளியே வரும், காகிதக் காத்தாடி சுற்றுவது போல. காத்தாடிப் பூ என்று அவரே பேர் வைத்தார். தரையில் விரித்து ஓரமாக நின்று பார்த்தால் அது மெல்லத் திரும்புகிற மாதிரியே இருக்கும். அந்த விரிப்பு இன்றைக்கு இல்லை. பின்னாளில் ஒரு மழையில் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து துருக்கறை பிடித்து, கறைத் துணிதானே என்று யாரோ வாசல் துடைக்க எடுத்துவிட்டார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த விரிப்பு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மாவின் கண்ணில் பட்டதுதான் வினை. பொங்கல் கழிந்ததும் சித்தூரில் எக்ஸிபிஷன் போடுவார்கள், அதில் பெண்களுக்குக் கைவேலைப் போட்டி உண்டு. அந்தம்மா நல்ல மனசுக்காரிதான், ஆனால் யார் விஷயத்தையும் கேட்காமலே முடித்து வைப்பவள். ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் பேரக் குடுத்துட்டேன். நம்ம ரேணிகுண்டாவுக்கு ஒரு பிரைஸ் வரணும்" என்றாள். அம்மா பல்லைக் காட்டினாள். "ஒரே ஒரு விஷயம். கடையில வாங்கி வெச்சிட்டுப் பிரைஸ் வாங்கிட்டுப் போறாங்கன்னு, இப்பல்லாம் ஜட்ஜு முன்னாடி உக்காந்து அதே பூவுல கொஞ்சம் போட்டுக் காட்டச் சொல்றாங்க. உனக்கு என்ன, கண்ண மூடிக்கிட்டுப் போடுவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நின்ற அம்மா, கதவைச் சாத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நைனா வந்ததும் பிடித்துக்கொண்டாள். "போவ மாட்டேன். ஜொரம்னு சொல்லிடுங்க."

"நீதான போட்டேன்னு சொன்ன? யாரு சொல்லச் சொன்னாங்க?"

"பின்ன இன்னா சொல்றதாம்? எங்கண்ணன் முன்னாடி, எம்புருசன் பொம்பள வேல செஞ்சிக்கினு கீறாருன்னு சொல்லணுமா? கேங்குல கீறவங்க உங்கள சும்மா வுடுவாங்களா? போறவன் வர்றவனெல்லாம் பொடவ கட்டிக்கினு வாடாம்பான்."

நைனா கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லாமல் சொன்னார். "இத்தினி நாளா போடறேன். நீ பாக்கற, கொழந்த பாக்குது, அவ்ளோதான். நல்லா கீதா இல்லியான்னு, வேல தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துச் சொல்லணும்மே. அத்த மட்டும் கேக்கணும் எனக்கு."

"சொன்னாலும் பேரு எனக்குத்தான வரும்?"

"வரட்டும். சொல்றது எங்காதுல வுழுந்தா போதும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பாடம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரியே நைனாவும் அம்மாவை எதிரே உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் இடது கையும் இவள் வலது கையும் முட்டிக்கொள்ளும். எதிரே உட்கார்ந்தால் அவர் கை போகிற பக்கமே இவள் கையும் போகும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எதிரெதிரே உட்கார்ந்து எங்கே பார்த்திருக்கிறோம்? அவர் சாப்பிடுவார், இவள் நின்று பரிமாறுவாள். அவர் கூடத்தில், இவள் அடுப்படியில். இப்போது முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து, ஒருவர் விரலை ஒருவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

"நூல இறுக்காதமே. அது இன்னா மாட்டுக் கயிறா?"

"நீங்க வேகமா போறீங்க. மெதுவா காட்டுங்க."

"இந்தா, இப்டி. ஒரு செயினு. சுத்து, உள்ள வுடு, இஸ்து வெளிய எடு."

பிற்பகல் வெயில் உள்ளே அடிக்காமலிருக்கக் கதவை ஒருக்களித்திருப்பார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாது என்ற பயம் வேறு. பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் அம்மாவைப் பார்த்து, "இன்னா, உங்க வூட்டுல மத்தியானத்துலயே கதவச் சாத்திடறீங்க?" என்று கண்ணடித்தாள். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா முகம் சிவக்கத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும், சிரித்துக்கொள்ளுங்கள்.

நூல் வீணாகக் கூடாது என்று, அன்றன்று பின்னியதை அன்றன்றே பிரித்துக் கண்டில் சுற்றிவிடுவாள் அம்மா. பெரிய விரிப்போ அழுக்குப் படாமல் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதனால் அவள் போட்டதையும் அவர் போட்டதையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. அதில்தான் வினை இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. குழம்பு அடிப்பிடித்தது, நைனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் காத்தாடிப் பூ நாளுக்கு நாள் திருத்தமாக வந்தது. ஒரு நாள் ஒரு பிசகும் இல்லாமல் நடுப்பூவைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நைனா, "ஆஹா, கை வந்துருச்சிடி" என்றார். அம்மா சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

போட்டி நாளன்று நைனா லீவு போட்டார். அம்மா, நைனா, நான், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா நான்கு பேரும் சின்ன வண்டியில் கிளம்பினோம். மீட்டர்கேஜ் வண்டி ஆடி ஆடிப் போகும், ஞாபகம் இருக்கிறதா? பாகாலா தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு ஆலைக் கொட்டகைகள், வெல்லம் காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியாக வந்து நாக்கில் ஒட்டும். அம்மா எதையும் கவனிக்கவில்லை. மடிக்குள் விரல்களை மறைத்து, நூலே இல்லாமல் காற்றில் பின்னிக்கொண்டு வந்தாள். நைனா பையை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றார்.

எக்ஸிபிஷன் மைதானத்தில் ராட்சத ராட்டினம், மிளகாய் பஜ்ஜி எண்ணெய்ப் புகை, மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமல், மைக்கில் தெலுங்குப் பாட்டு. கைவேலைப் பந்தலுக்குள் பாசிமணி மான், ஒயர் கூடை, முட்டை ஓட்டில் செய்த பொம்மை என்று மேஜை மேஜையாக வைத்திருந்தார்கள். ஆண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நைனா கயிற்றை ஒட்டி நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். மைக் அவர் தலைக்கு மேலேயே அலறிக்கொண்டிருந்தது.

நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா, தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. தையல் டீச்சராம். நைனாவின் விரிப்பு முன்னால் வந்ததும் கூட வந்தவர்கள் நகர்ந்தார்கள், அந்த டீச்சரம்மா நகரவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தார். புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷர் மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை.

"இதி மீரு அல்லிந்தேனா?" என்று அம்மாவைக் கேட்டார். நீங்கள் பின்னியதுதானா என்று கேட்கிறார். அம்மா தலையாட்டினாள். கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார்கள்.

அம்மா உட்கார்ந்தாள். நான் சாமியெல்லாம் கும்பிட்டேன். அம்மா செயின் போட்டாள், சுற்றினாள், இழுத்தாள், நைனா சொன்னபடியே நூலை இறுக்காமல். உள்ளங்கை அகலத்துக்குக் காத்தாடிப் பூ வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா பெருமை தாங்காமல் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்தான்" என்றாள். அம்மா பூவை நீட்டினாள்.

டீச்சரம்மா அதை வாங்கி, பெரிய விரிப்பின் நடுவில் வைத்தார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். பெரிய பூவின் இதழ்கள் கடிகார முள் போகிற பக்கம் சுழன்றன. அம்மாவின் பூ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுழன்றது.

டீச்சரம்மா அம்மாவின் கையைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். "நீங்க வலது கைல போடறீங்க. இதி எடம சேத்தோ அல்லிந்தி" என்றார். இது இடது கையால் பின்னியது என்று அர்த்தம்.

பக்கத்தில் இருந்த ஆண் நடுவர், "கடையில வாங்கிட்டு வந்திருப்பாங்க, எடுத்துடுங்க" என்று விரிப்பை மேஜையிலிருந்து இழுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா, "ஏம்மா, கடையிலயா வாங்கின? என் மானத்த வாங்கறதுக்குன்னே?" என்றாள்.

அம்மா தலையை ஆட்டியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். கடையில் வாங்கியது என்று ஒரு கெட்ட பேரோடு வீட்டுக்கு வந்திருப்பாள், நைனாவை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கடைச் சரக்கு என்ற வார்த்தை அம்மாவை எங்கேயோ சுட்டுவிட்டது. அந்த ஆளின் கையிலிருந்து விரிப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கடையில வாங்கினதா? எந்தக் கடையில கெடைக்குது இது, சொல்லு பாப்போம்! எங்க வூட்டுக்காரரு போட்டதுங்க. அதோ நிக்கறாரே, அவரு போட்டது. அவருக்குப் பீச்சாங்கைதான். எனக்கே அவருதான் சொல்லிக் குடுத்தாரு!"

பந்தலே சிரித்தது. எல்லாரும் கயிற்றுப் பக்கம் திரும்பினார்கள். நைனா இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். டீச்சரம்மா "இங்க வாங்க" என்று கை காட்டினார், ஆனால் அவர் திரும்பிக் கூட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். சாய்ந்து சாய்ந்து நடக்கிற மனுஷர் வேகமாக நடக்கப் பார்ப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? நான் ஓவென்று அழுதேன். எனக்குத் தெரிந்து இடது கை என்பது திட்டு, வேறொன்றும் இல்லை. ஊரெல்லாம் பார்க்க அந்த டீச்சரம்மா என் நைனாவைத் திட்டிவிட்டார் என்றே நினைத்தேன்.

விரிப்பைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்கள் போட்டி, அதுவும் போட்டவர் வேறு, வைத்தவர் வேறு. யாரும் தப்புச் சொல்ல முடியாது. பரிசு பாசிமணி மானுக்குப் போனது. டீச்சரம்மா தானே விரிப்பை மடித்து அம்மாவிடம் கொடுத்து, கிட்டே போய் ஏதோ சொன்னார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

நைனாவை ராட்டினத்துக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வண்டியில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா எங்களோடு உட்காராமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அங்கிருந்தே, "கேட்டுல உக்காந்துக்கிட்டா போடறாரு?" என்று கேட்டாள். அம்மா கூசாமல், "வூட்லதாம்மா, ரெஸ்டு நாள்ல" என்றாள். அந்தம்மா யோசித்தாள். "எங்க வீட்டு ரேடியோ சும்மாதான் இருக்கு" என்றாள். அம்மா, "போட்டுக் குடுப்பாரும்மா" என்றாள். அதிகாரி வீடென்றால் அப்படித்தான். வேலை பற்றிய பயம் அதோடு தீர்ந்தது.

ஆனால் நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். அம்மா, "நான் வேணும்னு சொல்லலீங்க. கடையில வாங்கினதுன்னான். என்னால தாங்க முடியல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "உங்கள சிரிக்கறாப்பல பண்ணிட்டேன்."

நைனா திரும்பினார். "எனக்கு மைக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அந்தம்மா இன்னாதான் சொல்லிச்சு?"

"எடம சேத்தோ அல்லிந்தின்னு சொல்லிச்சு."

"நீ சொல்லறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். பூ சுத்தற பக்கத்த வெச்சிக் கண்டுபுடிச்சிருச்சு."

நைனா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அவ்ளோ கிட்டக்கவா பாத்துது?"

"கண்ணாடியக் கயட்டிட்டுப் பாத்துது. பின்பக்கம் திருப்பிப் பாத்துது. அப்பால மடிச்சிக் குடுக்கும்போது சொல்லிச்சு, முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியல, எங்க முடிச்சிப் போட்டாருன்னு தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கலன்னு. இவ்ளோ பொறுமையான கைய நான் பாத்ததில்லன்னு."

"கைய்யின்னா சொல்லிச்சு?"

"ஆமா. கைய்யின்னுதான்."

நைனா துண்டுக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். "இன்னொரு தபா சொல்லு" என்றார். அம்மா சொன்னாள். வண்டி சந்திரகிரி தாண்டியது. "முடிச்சு கெடைக்கலன்னு சொன்னத சொல்லு" என்றார். அம்மா டீச்சரம்மா மாதிரியே கண்ணாடியைக் கழற்றுகிற பாவனை காட்டிச் சொன்னாள். நைனா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். திருப்பதி வந்தது, போனது, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கோ ஆத்திரம். மனுஷரைத் திட்டியிருக்கிறார்கள், பரிசு இல்லை என்று துரத்தியிருக்கிறார்கள், இவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நைனா கேட்டது அன்றைக்கு அவருக்குக் கிடைத்துவிட்டது என்று புரிய எனக்கும் வயசாக வேண்டியிருந்தது.

ரேணிகுண்டாவில் இறங்கினோம். குவார்ட்டர்ஸ் குழாயடியில் தண்ணீர் வரும் நேரம், பெண்கள் எல்லாரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். அம்மாவும் நானும் முன்னால் போனோம். நைனா காலைச் சாய்த்துச் சாய்த்துப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டாள். "இன்னாக்கா, பிரைஸ் வந்துச்சா?"

அம்மா நின்றாள். வேண்டுமென்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மாகூட வாயைத் திறந்திருக்க மாட்டாள், அவளுக்கு ரேடியோ உறை வேண்டும்.

"எனக்கு எப்டி வரும்? நான் எங்க போட்டேன்?" என்றாள் அம்மா. "தோரணம், ரேடியோ ஒற, மேஜ விரிப்பு எல்லாம் அவரு போட்டது. நான் இவ்ளோ நாளு பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

யாரோ கிளுக்கென்று சிரித்தாள். "அண்ணனா? பொம்பள மாதிரி ஒக்காந்துக்கினா?"

"ஆமா, ஒக்காந்துக்கினுதான். நின்னுக்கினு போட முடியாது. உங்கள்ல யாருக்கனா அது மாரி வருமா? வந்தா எடுத்துக்கினு வாங்க, பாக்கறேன்."

குழாய்க்குக் கீழே குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் நைனா வந்து சேர்ந்துவிட்டார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். பக்கத்து வீட்டு அக்கா ஈரக்கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, அந்தத் தோரணத்து ஓரத்துல நெளிநெளியா வருதே, அத்த எப்டி போட்டீங்க?" என்று கேட்டாள்.

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சொல்லிக் குடுங்க" என்றாள். அவர் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, அந்த அக்காவைத் தனக்கு எதிரே உட்காரச் சொல்லிவிட்டு, பையைத் திறந்தார்.